கோக்கோப்பா மொழியின் ஒலியமைப்பு: உயிருக்கு முன்னே நெருங்கி நிற்கும் மெய்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், யூமா நகரத்துக்குத் தென்மேற்கே, சோமர்ட்டன் என்னும் சிற்றூரை ஒட்டி ஒரு பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் தங்கள் மொழியில் தங்களை ‘ஆற்றின்மேல் வாழ்வோர்’ என்னும் பொருள்படும் இரண்டு சொற்களால் குறிக்கின்றனர். அந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுத முயன்றால் ‘ஹவில் க்வ்ஞ்ச்சவாய்’ என்பது போன்ற ஒன்று வந்து நிற்கும். முதற்சொல்லில் நாம் எழுதிய ‘ஹ’, ‘ல்’ ஆகிய இரண்டுமே உண்மையான ஒலிக்கு அருகில்கூட வருவதில்லை. இரண்டாம் சொல்லோ, புள்ளி வைத்த எழுத்துகள் வரிசையாக நின்று வாயைத் திறக்கவே விடாமல் தடுப்பதுபோல் தோன்றும். இந்த மொழியைத்தான் ஆங்கிலத்தில் கோக்கோப்பா என்றும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் ஸ்பானிய வழக்கில் குக்கப்பா என்றும் அழைக்கின்றனர். இவை வெளியார் வைத்த எழுத்துக்கூட்டல்கள். அம்மக்கள் வாயில் அந்தப் பெயர் ‘க்வப்பா’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கிறது.

கொலராடோ ஆறு கலிபோர்னியா வளைகுடாவில் கலக்குமிடத்தில் பரந்து கிடந்த கழிமுகமே இவர்களின் தாயகம். அமெரிக்காவும் மெக்சிகோவும் 1853-ஆம் ஆண்டில் செய்துகொண்ட கேட்ஸ்டன் உடன்படிக்கையை அடுத்து வரையப்பட்ட நாட்டு எல்லை இந்த நிலத்தை இரண்டாகப் பிளந்தது. அமெரிக்கப் பகுதியில் 1917-இல் இவர்களுக்கென ஒதுக்கீட்டு நிலம் அமைக்கப்பட்டது. மெக்சிகோவில் பாஹா கலிபோர்னியா, சொனோரா ஆகிய மாநிலங்களில், குறிப்பாக எல் மயோர் என்னும் குடியிருப்பில், இவர்களின் உறவினர் வாழ்கின்றனர். இரண்டு நாடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் இன்று இம்மொழியைப் பேசுவோர் சில நூறு பேர்தாம். மெக்சிகோ 2003-இல் இயற்றிய பழங்குடி மொழி உரிமைச் சட்டத்தின் வழியாக இது அந்நாட்டின் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளது. மொழியியல் உலகில் இதை விரிவாக எழுதிவைத்தவர் ஜேம்ஸ் கிராஃபர்ட். அவர் 1966-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இம்மொழியைப் பற்றிய ஆய்வேட்டை அளித்தார். பின்னர் கதைத் தொகுப்பையும், 1989-இல் அகராதியையும் அதே பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது.

ஒரு மொழியின் ஒலியமைப்பு என்று சொல்லும்போது, அந்த மொழியில் கேட்கும் ஒலிகளின் பட்டியலை மட்டும் நாம் குறிப்பதில்லை. எந்த ஒலி வேறுபாட்டை அந்த மொழி பொருட்படுத்துகிறது, எதைப் பொருட்படுத்தாமல் விடுகிறது என்பதே முதற்கேள்வி. தமிழில் ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்னும் மூன்று சொற்களிலும் ஒரே ககரத்தைத்தான் எழுதுகிறோம். ஆனால் முதற்சொல்லில் அது குரலதிர்வு இல்லாத வெடிப்பாகவும், இரண்டாவதில் தொண்டையோரம் உரசிச் செல்லும் மூச்சாகவும், மூன்றாவதில் அதிர்வோடு கூடிய மென்மையான வெடிப்பாகவும் ஒலிக்கிறது. இந்த வேறுபாடு நமக்குப் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே நம் காது அதைக் கவனிப்பதும் இல்லை. மாறாக ‘வால்’, ‘வாள்’, ‘வாழ்’ ஆகிய மூன்றும் வெளியூராரின் காதுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், நமக்கு அவை மூன்று வேறு சொற்கள். பொருளை மாற்றவல்ல இத்தகைய ஒலி அலகையே ஒலியன் என்கிறோம். ஒலி பொதுவானது, ஒலியன் அந்தந்த மொழிக்கு உரியது.

இப்போது கோக்கோப்பாவுக்கு வருவோம். அதில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட மெய்யொலியன்கள் உள்ளன. எண்ணிக்கையில் இது தமிழிலிருந்து பெரிதும் விலகியதன்று. வெடிப்பொலிகளில் குரலதிர்வு உள்ளது, இல்லாதது என்று இரட்டை வரிசை வைத்துக்கொள்ளாத வகையிலும் அது தமிழை ஒத்திருக்கிறது. இந்தியில் ‘க’, ‘ga’ போன்ற ஒலிகள் தனித்தனி எழுத்துகளாக நிற்பதுபோல் இங்கே நிற்பதில்லை. ஆனால் இந்த ஒற்றுமையே தமிழரை ஏமாற்றவும் கூடும். உயிர்களுக்கு நடுவே வரும் பகரத்தையும் ககரத்தையும் தானாகவே மெலித்து உச்சரிப்பது நம் பழக்கம். ‘க்வபா’ என்று எழுதினால் நாம் அதை ‘கபம்’ என்னும் சொல்லில் வரும் பகரத்தைப் போல மென்மையாகவே படிப்போம். அதைத் தடுக்கவே மேலே ‘க்வப்பா’ என்று இரட்டித்து எழுத வேண்டியிருந்தது. அங்கே உண்மையில் இருப்பது இரட்டை மெய்யன்று, அதிராத ஒற்றைப் பகரம்.

தமிழ் எழுத்தால் காட்ட முடியாத ஒலிகள் பல வரவிருப்பதால், இந்தக் கட்டுரைக்கு மட்டும் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்வோம். ‘ஃப’ என்று எழுதி ‘காஃபி’ என்பதைக் காட்டுகிறோம் அல்லவா, அதேபோல் ‘ஃக’ என்பதை நாவின் பின்பகுதி மேலண்ணத்தை நெருங்கி, மூச்சை உரசவிட்டு எழுப்பும் ஒலிக்கு வைத்துக்கொள்வோம். ‘பகல்’ என்னும் சொல்லை விரைவாகச் சொல்லும்போது வரும் நடு ஒலியைச் சற்று வலுவாக, சொல்லின் தொடக்கத்திலேயே எழுப்பினால் அது வந்துவிடும். ‘ஃல’ என்பதை மூச்சால் மட்டும் ஒலிக்கும் ஒரு லகரத்துக்கு வைத்துக்கொள்வோம். அந்த லகரத்தில்தான் இம்மொழியின் தனிச்சுவை இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே அதில் சற்று நின்று செல்லலாம்.

சாதாரண லகரத்தைச் சொல்லும்போது நாவின் நுனி மேற்பல்லின் பின்புற ஈற்றைத் தொட்டு நிற்கிறது. காற்று நாவின் இரு பக்கங்களிலும் வழிந்து வெளியேறுகிறது. அதனால்தான் இதை மருங்கொலி என்கிறோம். கூடவே தொண்டையில் குரல்நாண்கள் அதிர்கின்றன; கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தால் அந்த அதிர்வு தெரியும். இனி நாவை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, குரலை முழுவதும் நிறுத்திவிட்டு, காற்றை மட்டும் பக்கவாட்டில் சற்று வேகமாக ஊதுங்கள். ‘ஸ்’ என்பதற்கும் ‘ஷ்’ என்பதற்கும் நடுவே, கன்னங்களின் உட்புறத்தில் ஈரமாக உரசும் ஓர் ஒலி கேட்கும். அதுவே ‘ஃல’. பிரிட்டனில் வேல்ஸ் மொழி பேசுவோரின் ஊர்ப்பெயர்கள் பலவற்றின் தொடக்கத்தில் இரட்டை லகரமாக எழுதப்படுவதும் இந்த ஒலிதான். ஆங்கிலேயர் பலருக்கு அதைச் சொல்ல வராது என்பது அங்கே பழைய கேலி. கோக்கோப்பாவில் அதிரும் லகரமும் அதிராத லகரமும் இரண்டு தனி ஒலியன்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொன்னால் சொல் மாறிவிடும், அல்லது சொல்லே இல்லாமல் போய்விடும்.

அதோடு அது முடிவதில்லை. இந்த இரண்டுக்கும் அண்ணச் சாயல் ஏறிய இணைகள் உண்டு. நாவின் நடுப்பகுதி ‘ய’ சொல்வதற்கு உயர்வதுபோல மேலே உயர்ந்திருக்க, லகரத்தை எழுப்பினால் வருவது ஒன்று. அதே நிலையில் குரலை நிறுத்தி ஊதினால் வருவது மற்றொன்று. ஆகமொத்தம் நான்கு மருங்கொலிகள். தமிழும் ல, ள, ழ என்று இந்தப் பகுதியில் செல்வம் மிக்கதுதான். ஆனால் நாம் நாவை எங்கே வைக்கிறோம், எவ்வளவு வளைக்கிறோம் என்பதை வைத்து மட்டுமே வேறுபடுத்துகிறோம். குரல் எப்போதும் உடனிருக்கிறது. கோக்கோப்பா குரலை நிறுத்துவதையும் ஒரு கருவியாகக் கொள்கிறது. நாவை மேற்புறமாக வளைப்பதை அது லகரத்துக்குப் பயன்படுத்துவதில்லை.

கோக்கோப்பா சேர்ந்துள்ள மொழிக் குடும்பத்துக்கு யூமன் என்று பெயர். அந்தக் குடும்பத்தில் இந்த வேறுபாட்டுக்கு ஓர் அழகான பயன்பாடும் இருக்கிறது. கோக்கோப்பாவுக்கு மிக நெருங்கிய மொழி கூமியாய். அதில் ஊடுருவிய பெரிய ஓட்டையைக் குறிக்கும் ஒரு சொல்லில் ‘ஃல்’ இருக்கிறது. அந்த ஓரொலியை மட்டும் அதிரும் ‘ல்’ ஆக மாற்றினால் அதே சொல் சிறிய ஓட்டையைக் குறிக்கிறது. மெய்யை மாற்றி அளவைக் குறைப்பது, கூட்டுவது, செல்லம் கொடுப்பது ஆகிய இவ்வழக்கத்தை யூமன் மொழிகளை ஆராய்ந்தவர்கள் ஒலிக்குறியீடு என்னும் தலைப்பில் விரிவாகப் பேசியுள்ளனர். கிராஃபர்டும் 1970-இல் கோக்கோப்பாப் பெரியவர்கள் குழந்தைகளோடு பேசும் முறையைப் பற்றி ஒரு சிறு கட்டுரையை எழுதினார். நாமும் ‘சோறு’ என்பதை ‘சோச்சி’ என்று மாற்றிக்கொள்கிறவர்கள்தாம் என்பதால் இந்த உலகம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

அடுத்து வாயின் பின்புறத்துக்குச் செல்வோம். ககரத்தை எழுப்பும்போது நாவின் பின்பகுதி மென்மையான மேலண்ணத்தைத் தொடுகிறது. அதையும் தாண்டி, உள்நாக்குத் தொங்கும் இடம்வரை நாவைப் பின்னுக்கு இழுத்து அடைத்துத் திறந்தால் ஆழமான, கனமான இன்னொரு ககரம் பிறக்கிறது. அரபு ஓதப் பழகிய தமிழ் முஸ்லிம்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ‘காஃப்’ என்று நாம் ஒரே விதமாக எழுதும் இரண்டு அரபு எழுத்துகளையும் மதரஸாவில் பிரித்து ஓதிப் பழகியிருப்பார்கள். ‘குர்ஆன்’ என்னும் சொல்லின் முதல் ஒலி அந்த ஆழ்ந்த ககரம்தான். கோக்கோப்பாவிலும் இந்த இரண்டு ககரங்களும் தனித்தனி ஒலியன்கள்.

அதே ‘குர்ஆன்’ என்னும் சொல்லிலேயே இன்னோர் ஒலியும் ஒளிந்திருக்கிறது. ‘குரான்’ என்று ஒழுகவிடாமல் ‘குர்’ என்று நிறுத்தி, மீண்டும் ‘ஆன்’ என்று தொடங்கும்போது இடையில் தொண்டை ஒருகணம் அடைபடுகிறது. அந்த அடைப்புக்குக் குரல்வளை வெடிப்பொலி என்று பெயர். தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். இருமுவதற்குச் சற்று முன்னும் தொண்டை மூடிக்கொள்கிறது. அப்போதெல்லாம் குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. தமிழில் இந்த அடைப்பு எழுத்தாக இல்லை. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை அழுத்திச் சொன்னால் தானாக வந்துபோகும், அவ்வளவே. ஆனால் யூமன் மொழிகளில் இது முழு உரிமையுள்ள மெய்.

எவ்வளவு உரிமையுள்ளது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். யூமன் குடும்பத்துக்கே பொதுவான வழக்கப்படி, வினைச்சொல்லின் முன்னே குரல்வளை அடைப்பு வந்தால் செயலைச் செய்தது ‘நான்’. அதே இடத்தில் மகரம் வந்தால் ‘நீ’. படர்க்கைக்குப் பெரும்பாலும் எதுவும் சேர்வதில்லை. நாம் ‘வந்தேன்’, ‘வந்தாய்’ என்று சொல்லின் இறுதியில் ஒரு முழு விகுதியை வைத்து, அதையும் நெடிலாக நீட்டிக் காட்டும் வேலையை, அவர்கள் சொல்லின் தொடக்கத்தில் ஒரு தொண்டை அடைப்பால் முடித்துவிடுகிறார்கள். புதிதாகக் கற்கும் ஒருவர் அந்த நுண்ணிய அடைப்பைக் கேட்கத் தவறினால், யார் செய்தார் என்பதையே தவறவிடுவார். இது ஒரு சிறு தகவல்போலத் தோன்றினாலும், இந்த மொழியின் பாரம் எங்கே இருக்கிறது என்பதை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது. பாரம் முழுவதும் சொல்லின் முன்புறத்தில், உயிரொலி வருவதற்கு முன்னே, மெய்களின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னும் சில மெய்களை விரைவாகப் பார்த்துவிடலாம். ககரத்துக்கும் ‘ஃக’ ஒலிக்கும் இதழ்குவிந்த இணைகள் உண்டு. ‘க்வ’ என்பதை நாம் ககர ஒற்றும் வகரமும் சேர்ந்த இரண்டு எழுத்துகளாகப் பார்க்கிறோம். அங்கே ககரத்தை எழுப்பும் அதே கணத்தில் இதழ்களும் குவிவதால் அது ஒரே மெய்யாகக் கணக்கிடப்படுகிறது. சகர ஒலிகளில் இரண்டு வகை: ஒன்று நுனிநா பல்லுக்குப் பின்னே நின்று உரசும் ‘ஸ’, மற்றொன்று நா சற்றுப் பின்வாங்கி எழுப்பும், நம் ‘ஷ’வுக்கு நெருங்கிய ஒலி. மூக்கொலிகளில் மகரம், னகரம் ஆகியவற்றோடு ஞகரமும் உண்டு என்பது நமக்கு நிம்மதியளிக்கும் செய்தி. ஆங்கிலம் பேசுவோர் ‘ந்ய்’ என்று திக்கித் திணறும் இடத்தில் ‘ஞாயிறு’ சொல்லிப் பழகிய நாவுக்கு எந்தச் சிரமமும் இராது. ரகரம், யகரம், வகரம் ஆகியவையும் உண்டு; இந்த வகரம் மேற்பல் கீழிதழைத் தொடாமல் இதழ்களைக் குவித்து எழுப்புவது.

உயிரொலிகளைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை என்பதே ஒரு செய்திதான். யூமன் மொழிகள் அனைத்துக்கும் மூலமாக இருந்த பழைய மொழிக்கு அ, இ, உ என்னும் மூன்று அடிப்படை உயிர்களையே ஆய்வாளர்கள் மீட்டமைக்கின்றனர். அவற்றோடு குறில், நெடில் வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது. கோக்கோப்பாவிலும் உயிரின் நீளம் பொருட்படுத்தப்படுவது. ‘படி’, ‘பாடி’ என்று மாத்திரையால் சொல்லைப் பிரித்துப் பழகிய நமக்கு இது இயல்பாகவே காதில் விழும். ஆங்கிலம் பேசுவோர்தாம் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். யூமன் மொழிகளில் வினையின் ஒருமை வடிவத்திலிருந்து பன்மை வடிவத்தை அமைக்கும்போதும் உயிரின் நீளம் பங்கேற்கிறது. செய்தவர் ஒருவரா பலரா என்பது சில சொற்களில் ஒரு குறில் நெடிலாவதைச் சார்ந்தே நிற்கும்.

ஒலிகளைத் தனித்தனியே கற்றுக்கொள்வது பாதி வேலைதான். அவை எந்த வரிசையில் நிற்க அனுமதி உண்டு என்பது மறுபாதி. தமிழில் இந்த அனுமதி மிகக் கண்டிப்பானது. சொல்லின் தொடக்கத்தில் தனி மெய் நிற்கக் கூடாது என்பது தொல்காப்பியக் காலம் முதல் உள்ள விதி. இரண்டு மெய்கள் சேர்ந்து தொடங்கும் அயற்சொல் வந்தால் நாம் உடனே ஓர் உயிரை எங்காவது நுழைத்து அதை உடைத்துவிடுகிறோம். ‘இஸ்கூல்’ என்பதில் முன்னேயும், ‘பிரசாதம்’ என்பதில் நடுவேயும் நாம் வைத்த இகரம் அதற்குத்தான் வந்தது. கோக்கோப்பாவோ இதற்கு நேரெதிராக, அழுத்தம் பெறும் அசையில் உயிருக்கு முன்னே மூன்று மெய்கள் வரையும், உயிருக்குப் பின்னே இரண்டு மெய்கள் வரையும் அனுமதிக்கிறது.

எண்ணுப்பெயர்களில் இதைத் தெளிவாகக் காணலாம். கோக்கோப்பாவில் இரண்டு என்பது ‘ஃக்வக்’, மூன்று என்பது ‘ஃக்முக்’. உரசும் மூச்சொலியில் தொடங்கி, எந்த உயிரையும் தொடாமல் நேராக மகரத்துக்குத் தாவி, அதன் பிறகே உகரத்தைத் திறக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம்மை அறியாமல் ‘ஃகமுக்’ என்று ஓர் அகரம் நடுவே வந்து விழும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறவு மொழிகளே அதைத்தான் செய்திருக்கின்றன. மொஹாவி மொழியில் இரண்டும் மூன்றும் ‘ஹவிக்’, ‘ஹமோக்’ என்று நிற்கின்றன. கூமியாயில் ‘ஹவக்’, ‘ஹமுக்’ என்பவற்றுக்கு நெருக்கமாக ஒலிக்கின்றன. ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள்தாம் இவை அனைத்தும். ஒரு வீட்டில் நடு உயிர் ஓரளவு முழுமையாகக் கேட்கிறது; இன்னொரு வீட்டில் தேய்ந்து தெளிவற்ற நிழலாகிறது; கோக்கோப்பாவின் வீட்டில் மெய்கள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன.

இந்த நெருக்கடி ஏன் ஏற்படுகிறது என்பதற்கு விடை அழுத்தத்தில் இருக்கிறது. யூமன் மொழிகளில் சொல்லின் அழுத்தம் வேரின்மேல் விழுகிறது. வேர் பெரும்பாலும் அடிச்சொல்லின் இறுதி அசையாக அமைகிறது. அதற்கு முன்னே, யார் செய்தது, எப்படிச் செய்தது என்பன போன்ற குறிப்புகளைத் தரும் முன்னொட்டுகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. இவற்றுள் பல ஒற்றை மெய்யளவே ஆனவை. அழுத்தம் பெறாத இடத்தில் உயிர் நலிந்துபோவது பல மொழிகளில் நடப்பதுதான். நம் குற்றியலுகரம்கூடச் சொல்லிறுதியில் வலிமை குன்றி அரை மாத்திரையாகத் தேய்ந்த உகரமே. நம்மிடம் தேய்வு சொல்லின் கடைசியில் நிகழ்கிறது. அவர்களிடம் அது சொல்லின் முன்புறத்தில் நிகழ்கிறது. நலிந்த உயிர்கள் விலகிவிட்டால் அவற்றால் பிரிந்து நின்ற மெய்கள் ஒன்றையொன்று இடிக்கத்தானே செய்யும். பேச்சில் அவற்றுக்கிடையே எந்த உயிர் என்று சொல்ல முடியாத ஒரு குறுஞ்சாயல் தலைகாட்டுவதும் உண்டு. அது வாய் ஒரு மெய்யிலிருந்து அடுத்த மெய்க்குக் கடக்கும்போது தானே பிறப்பது. அதனால் பொருள் மாறுவதில்லை. ஆகவே அதை ஒலியனாகக் கொள்ள வேண்டியதில்லை. முன்பு சொன்ன ஒலிக்கும் ஒலியனுக்கும் உள்ள வேறுபாடு இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. காதில் விழும் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறவர் ‘ஃக்முக்’ என்பதில் ஓர் உயிரைச் சேர்த்து எழுதுவார். அந்த மொழியின் அமைப்பை எழுதுகிறவர் அதை விட்டுவிடுவார். இரண்டு பேருடைய காதும் சரிதான்.

மொஹாவியைக் குறிப்பிட்டுவிட்டதால் ஒரு சிறு கிளைச்செய்தி. மேலே பார்த்த ‘ஹவிக்’ என்பதில் உள்ள வகரம் மேற்பல் படும் வகரமாகத் திரிந்துவிட்டது. அதோடு பழைய ஸகரமும் அம்மொழியில் நுனிநா பற்களுக்கிடையே நீண்டு ஒலிக்கும் ஓர் உரசொலியாக மாறியிருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று என்னும் சொல்லைத் தொடங்கும் அதே ஒலி அது. ஐந்தைக் குறிக்க, கூமியாயில் ஸகரத்தில் தொடங்கும் சொல் மொஹாவியில் அந்த ஒலியில் தொடங்குகிறது. இத்தகைய மாற்றங்கள் ஒரு சொல்லில் மட்டும் நின்றுவிடாமல் ஒழுங்காகப் பல சொற்களில் நிகழ்வதால்தான், இந்த மொழிகள் ஒரே குடும்பத்தவை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. வாலப்பாய், ஹாவசுப்பாய், யவப்பாய், மரிக்கோப்பா, பைப்பாய், கிலீவா ஆகியவையும் இக்குடும்பத்தின் மற்ற உறுப்பினர்.

இப்போது நாம் தொடங்கிய பெயருக்குத் திரும்பலாம். கையில் தேவையான கருவிகள் இருக்கின்றன. முதற்சொல்லை நம் ஏற்பாட்டின்படி எழுதினால் ‘ஃகவிஃல்’ என்று வரும். அது ஆற்றைக் குறிக்கும் சொல். அதன் தலையில் நிற்கும் ‘ஃக’ என்பது யூமன் மொழிகளில் நீரைக் குறிக்கும் பழஞ்சொல். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹாவசுப்பாய் மக்களின் பெயர் ‘நீலப்பச்சை நீரின் மக்கள்’ என்று பொருள்படுவது. அந்தப் பெயரின் தொடக்கத்தில் உள்ள ‘ஹா’வும் இதே நீர்தான். சொல்லின் இறுதியில் குரலில்லாமல் பக்கவாட்டில் உரசும் லகரம் வருகிறது. ஆற்றின் பெயரை முடிக்க இதைவிடப் பொருத்தமான ஒலி கிடைக்குமா என்று தோன்றுவது என் கற்பனையே; மொழியியல் அதற்குச் சான்று தருவதில்லை.

இரண்டாம் சொல் ‘க்வ்-ஞ்-ச்-சவாய்’. தொடக்கத்தில் நிற்கும் ‘க்வ்’ இதழ்குவிந்த ஒரே ககரம். வினையோடு சேர்ந்து ‘அதைச் செய்கிறவர்’ என்னும் பொருளைத் தருவதற்கு யூமன் மொழிகள் பயன்படுத்தும் முன்னொட்டு அது. ‘வாழ்வோர்’ என்பதில் நம் ‘ஓர்’ செய்யும் வேலையை அது சொல்லின் முன்னே நின்று செய்கிறது. அடுத்து ஞகரம். அதை அடுத்து வரும் சகர வெடிப்புரசொலி, இக்குடும்பத்தின் பன்மை வடிவங்களில் அடிக்கடி தென்படுவது. எழுத்தில் மிரட்டிய மெய்த்தொடர் இப்போது மூன்று மெய்களாகச் சுருங்கிவிட்டது. அதிலும் ‘ஞ்ச்’ என்பது ‘பஞ்சு’, ‘நெஞ்சு’ என்று நாம் அன்றாடம் சொல்லும் சேர்க்கையே. ஒரே ஒரு கவனம் தேவை. ‘பஞ்சு’ என்பதில் மூக்கொலியை அடுத்து நாம் சகரத்தை அதிரவிட்டு மெலிப்பதுபோல இங்கே மெலிக்கக் கூடாது. ‘பச்சை’ என்பதில் உள்ள வலுவோடு சொல்ல வேண்டும். கடைசியில் ‘வாய்’ என்னும் நெடிலசையில் சொல்லின் முழு எடையும் இறங்குகிறது. முன்னே நின்ற மெய்களை அவசரமாகக் கடந்து அந்த ஆகாரத்தில் ஊன்றி நின்றால், சொல் ஏறக்குறைய சரியாகவே வந்துவிடும்.

இந்தப் பெயரை அவர்கள் எழுதும் முறையையும் ஒருமுறை பார்ப்பது பயனுள்ளது. உரசும் ‘ஃக’ ஒலிக்கு ரோமன் வரிவடிவத்தின் எக்ஸ் எழுத்தை வைக்கின்றனர். ஆங்கிலம் படித்தவர் அதைக் கண்டதும் ‘க்ஸ்’ என்று படிக்கத் தூண்டப்படுவார். ஆனால் மெக்சிகோ என்னும் நாட்டின் பெயரையே அந்நாட்டார் ஸ்பானிய மொழியில் எக்ஸ் எழுத்தால் எழுதி ‘மெஃகிக்கோ’ என்றுதான் சொல்கின்றனர். ஞகரத்துக்கு, தலையில் அலைக்கோடு போட்ட ஸ்பானிய என் எழுத்து. குரலற்ற லகரத்துக்கு, குறுக்கே ஒரு கோடு வெட்டிய எல் எழுத்து. அந்தப் பெயரின் முதற்சொல்லில் அதை இரட்டித்து எழுதுகின்றனர். ஸ்பானிய எழுத்தும் மொழியியலாரின் குறியும் ஆங்கில எழுத்தும் கலந்த இந்த வரிவடிவத்தில், ஒரு குறுக்குக்கோட்டை விட்டுவிட்டு எழுதினால் வேறோர் ஒலியன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண விசைப்பலகையில் அந்தக் கோடு இல்லாததால், வெளியார் அச்சிடும் தாள்களிலும் இணையப் பக்கங்களிலும் அந்த எழுத்து வெறும் எல் ஆகவும், சில இடங்களில் உருவ ஒற்றுமையால் டி ஆகவும் மாறி நிற்பதைக் காணலாம். டி என்று எழுதியதை அப்படியே வாசித்தால், கன்னத்தின் உட்புறத்தில் உரசி முடிய வேண்டிய ஆறு பல்லின் பின்னே ஒரு வெடிப்போடு நின்றுவிடும்.